பதினாறாவது கேன்வாஸ்

ஓவியப் பயிலரங்கு என்றால் அதில் இரண்டே வகை மனிதர்கள்தான்: படம் போடுகிறவர்கள், சாமான் சுமக்கிறவர்கள். நான் எட்டு வருடமாக இரண்டாவது வகை. உங்களில் யாராவது கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி வரை பரிமாறிவிட்டு, அப்புறம் சாம்பார்ச் சட்டியின் அடியைச் சுரண்டிப் பார்த்தவராக இருந்தால் மேற்கொண்டு படிக்கலாம். உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முன்பு கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தேன். அந்த வகுப்பையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பயிலரங்கு ஏற்பாடு செய்து கொடுக்கிற வேலை. கற்றுக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஓர் ஓவியர் வருவார். ஹால் பிடிப்பது, ஆள் சேர்ப்பது, சாமான் வாங்குவது எல்லாம் நான். இந்த முறை சிதம்பரத்தில் இரண்டு நாள், அக்ரிலிக்கில் பரிசோதனை ஓவியம். அக்ரிலிக் என்பது தண்ணீரில் கரைத்துப் பூசுகிற வண்ணம், காய்ந்தால் பிளாஸ்டிக் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பரிசோதனை என்றால், பிரஷ்ஷைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் வாங்கிவா என்று அர்த்தம். ஓவியர் அனுப்பிய பட்டியலில் சுவருக்குப் பூசும் பட்டி, மீன் வலை, ஊசி இல்லாத சிரிஞ்சு, ஹேர் டிரையர் எல்லாம் இருந்தன.

பட்டியல்

பதினைந்து பேர் பதிவு செய்திருந்தார்கள். பதினாறாவதாக என் பெயரை நானே எழுதினேன். எழுதிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

எப்போதும் ஒரு கேன்வாஸ் கூடுதலாகத்தான் வாங்குவேன். அது எனக்கு என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைப்பு. அன்றைக்குப் பார்த்து யாராவது தன் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். இல்லையென்றால் ஹால்காரரின் மகள் எட்டிப் பார்ப்பாள். "இருக்கட்டும், நீங்க எடுத்துக்குங்க" என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிடும். எட்டு வருடத்தில் நான் வரைந்தது கொரியர்காரரிடம் போட்ட கையெழுத்து மட்டும்தான்.

எனக்கு வரைய வேண்டியது ஒன்றே ஒன்று. கடலூர் முதுநகரில் உப்பனாறு கடலோடு சேருகிற இடத்தில் ஆற்றுத் தண்ணீர் செம்மண் கரைத்த நிறத்தில் வரும். கடல் பச்சையாக நிற்கும். இரண்டும் உடனே கலந்துவிடாது. நடுவில் வெள்ளையாக ஒரு நுரைக்கோடு நெளிந்துகொண்டே இருக்கும். கல்லூரியில் படிக்கும்போது முதன்முதலில் பார்த்தேன். அதை ஒரு தடவையாவது வரைந்துவிட வேண்டும் என்று இருபத்தைந்து வருடமாக ஏங்குகிறேன். இந்த வயதில் இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏக்கம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் பட்டியலை வாங்கிப் படித்தார். பதினைந்து பெயரையும் விட்டுவிட்டு நேராகக் கடைசி வரிக்குப் போனார்.

"உன் பேர எதுக்குக் கடைசில எழுதியிருக்க? கடைசில உக்காந்திருக்கறவங்களத்தான் எப்பவும் எழுப்பி வுடுவாங்க."

கண்ணாடி

கேன்வாஸை ஆன்லைனில் வாங்கலாமே என்பீர்கள். போன தடவை வாங்கினேன். பயிலரங்கு முடிந்த மூன்றாம் நாள் பத்திரமாக வந்து சேர்ந்தது. அதனால் இந்த முறை திருப்பாதிரிப்புலியூரில் ஒரு போட்டோ பிரேம் கடைக்காரரிடம் சொன்னேன். மரச்சட்டம், அதன்மேல் துணியை விறைப்பாக இழுத்து ஆணி, மொத்தம் பதினாறு. அவரும் தலையாட்டி, நோட்டில் அளவு எழுதிக்கொண்டார்.

போய்ப் பார்த்தால் பதினாறுக்கும் முன்னால் கண்ணாடி போட்டிருந்தார். பின்னால் மாட்டுவதற்குக் கொக்கி. கீழே சின்ன சிவப்பு பல்பு வைக்கத் தனியாக ஒரு பலகைத் துண்டு. அவர் மேல் தப்பில்லை. சாமி படமும் காலமானவர்களின் படமும் போட்டுப் போட்டுக் கை அப்படியே பழகிவிட்டது. "அண்ணே, இதுல இனிமேதான் படம் போடணும், கண்ணாடி இருந்தா எப்படிப் பூசறது?" என்றேன். ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றிய ஒவ்வொரு வெள்ளைத் துணியையும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தார். கடைசியில் கயிறு போட்டுக் கட்டிக் கொடுக்கும்போது சொன்னார்:

"வெறும் பிரேம் வாங்கிக்கினு போறவங்கள இப்பதாம்மா பாக்குறேன். உள்ள படம் இல்லன்னா இன்னும் யாரும் சாவலன்னுதான அர்த்தம், சந்தோஷமா எடுத்துக்கினு போங்க."

பட்டி

சுவருக்கு பெயிண்ட் அடிக்கும் முன் வெள்ளையாகப் பூசித் தேய்ப்பார்களே, அந்தப் பட்டி. அதைக் கேன்வாஸில் கனமாகப் பூசி, அவசரமாகக் காயவைத்தால் மேலே மெல்லிய வெடிப்பு விழும். அதன் மேல் வண்ணம் ஓடவிட்டால் அழகாக இருக்கும் என்று ஓவியர் எழுதியிருந்தார். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் எத்தனை ரூம் என்று கேட்டார். ரூம் இல்லை, ஒன்றரை அடிக்கு ஒரு அடி, பதினாறு என்றேன். ஸ்விட்ச் பாக்ஸைச் சுற்றிப் பூசப் போகிறேன் என்று அவராக முடிவு செய்துகொண்டு, வெடிப்பே விழாத நல்ல ரகமாக எடுத்து வைத்தார். வெடிப்பு விழுகிற ரகம் வேண்டும் என்றேன். அவர் கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டார். தண்ணீர் குறைத்துக் கலந்தால் வெடிக்குமா, வெயிலில் வைத்தால் வெடிக்குமா என்று நான் கேட்கக் கேட்க, இருபது வருடமாக வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன எச்சரிக்கை எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலைமை அவருக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். பட்டி பிளேடு இரண்டும் எடுத்துக் கொடுத்தார்.

"செவுரு வெடிச்சிப் போச்சுன்னு ஊர்ல இருக்குறவன்லாம் என்கிட்ட சண்டைக்கி வரான். நீங்க ஒருத்தர்தாங்க்கா வெடிக்கலன்னா சண்டைக்கி வருவேன்றீங்க."

வலை

வலையைக் கேன்வாஸ் மேல் விரித்து வண்ணம் தட்டி எடுத்தால் கட்டம் கட்டமாகப் பதியும். அதற்குக் கிழிந்த வலைத் துண்டு போதும். முதுநகர் துறைமுகத்தில், கரையேற்றிய படகின் நிழலில் ஒருவர் வலை முடைந்துகொண்டிருந்தார். செல்வம் என்று பெயர் சொன்னார். "எந்த மீனுக்கும்மா?" என்றார். மீனுக்கு இல்லை என்றேன். வலைக்குக் கண் அளவு உண்டு, ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு மீனுக்கு, மீன் பெயர் சொல்லாமல் எதை எடுத்துக் கொடுப்பது என்று அவர் கேட்டது நியாயம்தான். படம் வரையறதுக்கு என்றதும் மூன்று விதமான துண்டுகளை அறுத்து என் கையில் வைத்தார்.

உடனே கிளம்பியிருக்கலாம். அங்கிருந்து நாலு எட்டு நடந்தால் என்னுடைய கோடு தெரியும். நடந்தேன். அன்றைக்குக் கோடு கொஞ்சம் தள்ளி, கடல் பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. மழை பெய்த ஆறு போலிருக்கிறது, செம்மண் ஜாஸ்தி. வலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டில் உலை வைக்க வேண்டும், ஹால்காரருக்கு போன் செய்ய வேண்டும் என்று எல்லாம் ஞாபகம் வந்தது, கால் மட்டும் நகரவில்லை. செல்வம் பின்னாலேயே வந்து, இதையா வரையப் போறீங்க என்று கேட்டார். ஆமாம், ரொம்ப நாளாக ஆசை என்றேன். ஏன் இன்னும் வரையவில்லை என்றார். எட்டு வருடக் கதையை அவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் சிரித்து வைத்தேன்.

"நான் தெனமும் பாக்குறேன், ரெண்டு நாள் சேந்தாப்ல ஒரே எடத்துல இருந்ததில்ல அது. வரையறதுன்னா சீக்கிரமா வரைஞ்சிடுங்க."

வெள்ளை

பயிலரங்கில் எப்போதும் முதலில் தீர்ந்துபோவது வெள்ளை. சிவப்பு மிஞ்சும், கறுப்பு மிஞ்சும், யாரும் தொடாத ஊதா அப்படியே அடுத்த வருடத்துக்கு வரும். வெள்ளையை மட்டும் எல்லாரும் எல்லாவற்றிலும் கலப்பார்கள். நான் எவ்வளவு வாங்கினாலும் இரண்டாம் நாள் மத்தியானம் "மேடம், வெள்ளை" என்று ஒரு குரல் வரும். என்னைப் போல் சாமான் சேர்க்கிறவர்கள் இதைப் படித்தால் இந்த இடத்தில் பெருமூச்சு விடுவார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிற ஸ்டேஷனரி கடையில் இருந்த வெள்ளையை எல்லாம் எடுத்துக்கொண்டேன். அதில் ஒரு டியூபைத் தனியாகக் கைக்குட்டையில் சுற்றி என் ஹேண்ட்பேக்கில் வைத்தேன். அது நுரைக்கு. கடைக்கார அம்மா நான் ஒளித்து வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வெள்ளத் துணி மேல வெள்ளயப் பூசி இன்னாதாம்மா கண்டுபுடிக்கிறீங்க, எனக்கும் ஒரு நாள் சொல்லுங்க."

பஸ்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில்தான் போனேன். பதினாறு கேன்வாஸ், மூன்று பை, ஒரு பட்டி மூட்டை. கண்டக்டர் கேன்வாஸ் கட்டைப் பார்த்துவிட்டு, நடுவில் வைத்தால் மிதித்துவிடுவார்கள் என்று கயிற்றை அவிழ்த்து, உட்கார்ந்திருந்தவர்களின் மடியில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டார். செம்மங்குப்பம் தாண்டும் வரை பஸ்ஸில் பாதிப்பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஸ்லேட்டைப் பிடித்திருப்பதுபோல் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வழியில் இறங்குகிறவர்கள் பக்கத்து ஆளிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கினார்கள்.

சிதம்பரத்தில் எண்ணினால் பதினைந்துதான் இருந்தது. எந்தப் பதினைந்து என்று கேட்காதீர்கள், எல்லாம் ஒரே அளவு, ஒரே துணி. ஆனால் காணாமல் போனது என்னுடையதுதான் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. பஸ்ஸுக்குள் திரும்ப ஏறி ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன். வெயில் பக்கத்து ஜன்னலோரம் ஒரு பெரியவர் அதை ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். தட்டி எழுப்பி வாங்கினேன்.

"நல்ல நெழல்ம்மா. அதும் மேல கிறுக்காம இப்படியே வெச்சிக்குங்க."

சிரிஞ்சு

வண்ணத்தைப் பீய்ச்சி அடிக்க ஊசி இல்லாத சிரிஞ்சு முப்பது. கீழ வீதியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். அங்கிருந்த பெண் என் கையை, கண்ணை, பையைப் பார்த்தார். பைக்குள்ளிருந்து வலை எட்டிப் பார்த்தது. யாருக்கு என்றார். படத்துக்கு என்றேன். டாக்டர் பெயர் என்ன என்றார். கடைசியில் கேன்வாஸ் ஒன்றை எடுத்துக் காட்டி, சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றி, வாசல் சிமெண்டுத் தரையில் ஒரு கோடு பீய்ச்சிக் காட்ட வேண்டியதாயிற்று. தரையில் அது நெளிந்து போன விதத்தைப் பார்த்து எனக்கே கையைக் கட்டுப்படுத்த முடியவில்லை, இன்னொரு கோடும் போட்டேன். வெயிலில் இரண்டும் உடனே காய்ந்துபோயின.

"சீட்டு இல்லன்னாலும் தரேன் மேடம். ஆனா படம் முடிஞ்சதும் எனக்குக் கொண்டாந்து காட்டிடணும்."

டிரையர்

மேல வீதி பக்கம் சந்தில் ஒரு சின்ன பியூட்டி பார்லர். நடத்துகிறவள் பெயர் மகேஸ்வரி, முப்பது வயதிருக்கும். ஹேர் டிரையர் இரண்டு நாள் இரவல் கிடைக்குமா என்றேன். தரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் தனியாக அனுப்ப மாட்டாளாம். முன்பு ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுத்தபோது அவர்கள் அதை வைத்து ஈர விறகைக் காயவைத்திருக்கிறார்கள். அதிலிருந்து டிரையர் போகிற இடத்துக்கு அவளும் போவாள். ஒரு ஓரமாக நின்று, வேலை முடிந்ததும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள்.

சுவரில் அவள் போட்ட மருதாணி டிசைன்களின் போட்டோக்கள். கல்யாணப் பெண்களின் கைகள், முழங்கை வரைக்கும். ஒன்றில் தாமரை, ஒன்றில் மயில், ஒன்றில் இலை இலையாகக் கொடி ஏறி விரல் நுனியில் போய் முடிந்திருந்தது. கை நடுங்காமல் இப்படி ஒரு கோடு இழுக்க நான் எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். அதைச் சொன்னேன். அவள் கேன்வாஸ் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போடறதெல்லாம் பத்து நாள்ல அழிஞ்சி போயிடும்க்கா. இதெல்லாம் செவுத்துல அப்படியே நிக்கும்ல?"

பதினாறு

ஹாலில் அதற்கு முந்தின நாள் யாருக்கோ வளைகாப்பு நடந்திருந்தது. கூரையில் ஒட்டியிருந்த பலூன்களை யாரும் எடுக்கவில்லை. முதல் நாள் காகிதத்தில் பயிற்சி. இரண்டாம் நாள் கேன்வாஸ். பதினைந்தைக் கொடுத்துவிட்டு, பதினாறாவதை ஜன்னலோர மேஜையில் வைத்தேன். யாருடைய நாத்தனாரும் வரவில்லை. இந்த ஹால்காரருக்கு மகள் இல்லை, விசாரித்துவிட்டேன்.

ஆனாலும் உட்கார முடியவில்லை. "மேடம் தண்ணி", "மேடம் துணி", "மேடம் வலைய அவுங்க தர மாட்றாங்க". ஏறக்குறைய மூன்று மணிக்கு, வங்கியில் ஓய்வு பெற்ற ஒருவர் கை நிறைய நீலத்தோடு வந்து நின்றார். "மேடம், வெள்ளை." கைக்குட்டையைப் பிரித்து என் டியூபை எடுத்து நீட்டினேன். "இருக்கட்டும், நீங்க எடுத்துக்குங்க." சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது.

அப்போதுதான் மகேஸ்வரி என் பக்கம் வந்தாள். இரண்டு நாளாக ஓரமாக நிற்பதாகச் சொன்னவள் ஓரமாக நிற்கவே இல்லை. பதினைந்து கேன்வாஸையும் அவள்தான் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றின் மேலும் குனிந்து, வண்ணம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாக டிரையரைச் சாய்த்துப் பிடித்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஜன்னலோர மேஜையைக் காட்டினாள். "அக்கா, அது யாருக்கும் இல்லதான? நான் ஒண்ணு பண்ணிப் பாக்கட்டுமா?"

என் வாய் திறந்தது. "இருக்..." வரைக்கும் வந்துவிட்டது. அங்கேயே நின்றது. "அது என்னோடது மகேஸ்வரி" என்றேன். எட்டு வருடத்தில் நான் இப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, குரலே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "ஓ, சரிங்க்கா" என்றாள். கையில் இருந்த டிரையரின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள். வேலை இன்னும் பாக்கி இருந்தது, சுற்ற வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு அது தெரியும். ஒவ்வொரு தடவையும் கேன்வாஸைக் கொடுத்துவிட்டு நான் இப்படித்தான் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நிற்பேன். உடம்பெல்லாம் கூசியது. அப்படியும் நான் போய் உட்கார்ந்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கீழ்ப் பாதியில் செம்மண் நிறம் பூசினேன். மேல் பாதியில் பச்சை. வலை கேட்டேன், வண்ணம் காய்ந்து அட்டையாகியிருந்தது. நுரைக்கு வெள்ளை இல்லை. மேஜையில் ஒரு ஐஸ்கிரீம் கப்பில் கலந்து மிஞ்சிய பட்டி இருந்தது. பிளேடு நுனியில் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தேன். கனமான ஈரக் கோடு. ஹாலைக் காலி செய்யச் சொல்லி வாட்ச்மேன் வாசலில் வந்து நின்றார். இது காய்வதற்குள் அத்தனையையும் கட்டியாக வேண்டும். தூக்கினால் வழிந்துவிடும்.

பக்கத்தில் ஒயர் அவிழ்கிற சத்தம் கேட்டது. மகேஸ்வரி நான் கூப்பிடாமலே வந்து டிரையரை நீட்டிப் பிடித்தாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கோட்டின் மேல் முடி மாதிரி ஒரு வெடிப்பு ஓடியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் கோடு முழுக்க, பொடிப்பொடியாக. செம்மண் நிறம் வெடிப்புக்குள் ஏறியது. அது நான் பார்த்த கோடு இல்லை, அதற்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் என் கையால் வந்தது. அழுகை வந்துவிடுமோ என்று பயந்து பட்டி பிளேடைத் துடைத்தேன். துடைத்த பிளேடையே திரும்பத் துடைத்தேன்.

மகேஸ்வரி டிரையரை நிறுத்தினாள். விரலால் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"நல்லாருக்குக்கா. அடுத்த தடவ என் பேர மொதல்லயே எழுதிடுங்க, நான் ஓரமால்லாம் நிக்க மாட்டேன்."

அடுத்த பயிலரங்குக்கான பட்டியல் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது, முதல் பெயர் மகேஸ்வரி, இரண்டாவது பெயர் நான், மீதிப் பதினைந்து பேர் வருவார்களா மாட்டார்களா என்று முதன்முறையாக எனக்குக் கவலையே இல்லை.